துரைக்கு ஒரு கண்

எங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்குள் எப்படிப்பட்டவர் நுழைந்தாலும் அழகாகத்தான் வெளியே போவார். படம் எடுப்பது என் வீட்டுக்காரர், கல்லாவில் உட்காருவது நான். பரு, மச்சம், தொங்கும் தாடை எதுவும் அவருடைய கணினியைத் தாண்டாது. ஒருமுறை பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒருவருடைய படத்தைப் பார்த்து, இது உங்கள் தம்பியா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதையும் இவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஒரு மழைநாள் காலையில் கடை ஷட்டருக்கு அடியில் ஒரு பூனை நனைந்து கிடந்தது. வண்டி அடித்திருக்க வேண்டும். தாடை கோணியிருந்தது, ஒரு கண் இருந்த இடம் சீழும் ரத்தமுமாக இருந்தது. எனக்குப் பூனை என்றாலே ஆகாது. ஆனால் அது தலையை நிமிர்த்தி, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பது மாதிரி மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தது. கடையைத் திறக்காமலே அதைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பார்வைக்காகவே துரை என்று பெயர் வைத்தோம்.

மருத்துவர் சுற்றிவளைத்துப் பேசாத பெண்மணி. கெட்டுப்போன கண்ணை எடுத்தாக வேண்டும், தாடைக்குக் கம்பி கட்ட வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பிழைக்காது என்றார். தன் கூலியை விட்டுக்கொடுத்தார். மருந்துக்கும் கம்பிக்கும் அவர் சொன்ன தொகையே எங்களுக்கு மலையாக இருந்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

என் பின்னாலேயே வந்திருந்த இவர், மருத்துவரிடம் விட்ட பூனையை அங்கேயே படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, ஒரு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்தார். அடிபட்ட பூனையின் சிகிச்சைக்கு உதவுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். நோட்டீஸைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினோம், வாடிக்கையாளர்களின் கைப்பேசிக்கெல்லாம் அனுப்பினோம். அவசரத்தில் நான் படத்தைக் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இவர் படங்களைக் கவனிப்பதை நான் விட்டு வெகுகாலமாகிறது.

மூன்று நாளாகியும் கல்லா அருகே வைத்த டப்பாவில் அடிதான் தெரிந்தது. பாராட்டுக்கு மட்டும் பஞ்சமில்லை. என்ன அழகான பூனை என்றார்கள். ஒரு பெண்மணி, வளர்க்கக் கொடுப்பீர்களா என்று விசாரித்தார். நான்காம் நாள் எதிர்க்கடை சலவைக்காரர் வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. இந்தப் பூனைக்கு என்ன கேடு? என்னைவிட நல்லா இருக்கே. ஊரை ஏமாத்துறீங்கன்னு பேசிக்கிறாங்க."

அப்போதுதான் நோட்டீஸை நின்று பார்த்தேன். துரைக்கு இரண்டு கண்ணும் பளபளவென்று இருந்தன. நல்ல கண்ணை நகலெடுத்துத் திருப்பி அந்தப் பக்கம் பொருத்தியிருந்தார் மனுஷன். தாடை நேராகியிருந்தது. போதாக்குறைக்கு மீசையை வேறு சீவிவிட்டிருந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அங்கே ஓர் உயிர் ஊசலாடுகிறது, இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்களே, பூனை பாவமில்லையா என்றார்.

"பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? நீங்க துடைச்சுட்டா காயம் போயிடுமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆள் இல்லை. கல்லாவுக்கு மேலே, கல்யாணமான புதிதில் எங்களை எடுத்த படம் மாட்டியிருக்கிறது. ஆறு வயதில் வெந்நீர் கொட்டியதில் என் இடது கன்னம் முழுக்கத் தழும்பு. அந்தப் படத்தில் அது இல்லை. அதற்குப் பிறகு இவர் எடுத்த எந்தப் படத்திலும் இல்லை. கையை நீட்டிக் காட்டினேன்.

"இது யாருங்க?"

அவர் படத்தை அண்ணாந்து பார்த்தார். "உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்" என்றார்.

"கஷ்டமா இருக்குன்னு நான் சொன்னேனா? ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

இருபது வருடம் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. அவர் எழுந்துபோய் நோட்டீஸைக் கிழித்தார். கை வைக்காத படத்தை அச்செடுத்து ஒட்டினார். பக்கத்திலேயே பழைய படத்தையும் ஒட்டி, 'இதில் இருக்கும் இரண்டாவது கண் நான் வைத்தது. தவறு என்னுடையது' என்று எழுதினார். படம் எடுத்துப் பிழைக்கிற ஒருவர் தன் கடை வாசலில் தன் குட்டைத் தானே உடைத்தார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொண்டே டப்பாவில் போட்டார்கள். பாஸ்போர்ட் படம் திரும்பி வந்த மனிதர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, மற்றவர்களைவிட அதிகமாகவே போட்டார். ஆறாம் நாள் துரைக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

பத்து நாள் கழித்து, ஒற்றைக் கண்ணும் கோணல் வாயும் பழைய அதிகாரமுமாக எங்களிடம் வந்து சேர்ந்தார் துரை. உதவியவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு படம் அனுப்ப வேண்டும். பூனையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். இவர் விளக்கைச் சரிசெய்துவிட்டு கேமராவுக்குப் பின்னால் போனார். ஆனால் எடுக்காமல் நின்றார்.

என்ன என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் வந்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் வலது கன்னம் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, கழுத்து தானாகத் திரும்பியிருந்தது. ஆறு வயதிலிருந்தே அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்திருக்கும்.

வழக்கமாக வாடிக்கையாளர்களின் முகவாயைப் பிடித்துத் திருப்புகிற கை, என் அருகே வந்து நின்றது.

"நேரா எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. துரை கோணல் வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. நான் முகத்தை நேராகத் திருப்பினேன்.

"எடுங்க" என்றேன்.