மிச்சம் பிடிக்கும் கார்

புதுக் கார் வாங்கியதிலிருந்து ஹென்னிங்கின் வாய் ஓயவில்லை. நெடுஞ்சாலை ஏறியதும் அது தானே ஓட்டிக்கொள்ளும். ஏதாவது ஒரு லாரியின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, எதிர்க்காற்றை அதன் தலையில் கட்டிவிட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். "பூமிக்கு என்னால ஆன உதவி" என்று, வட ஜெர்மனியில் தன் ஊரான ஓல்டன்பர்க்கில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்குத்தான் ரயிலேறி, தெற்கே வெகு தொலைவில் வூர்ட்ஸ்பர்க்கில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போவார்கள். இப்போது சனிக்கிழமை தவறுவதில்லை. ஓட்டுகிற அலுப்புதான் இல்லையே.

அந்தச் சனிக்கிழமை கார் ஒரு பன்றி லாரியைப் பிடித்துக்கொண்டது.

"முந்திப் போகச் சொல்லேன்," என்றாள் மனைவி வீப்கே, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"முந்தினா மிச்சம் போயிடும்."

"என் உயிரே போகுது, அது பரவாயில்லையா?"

ஹென்னிங் ஜன்னலை மூடப் பார்த்தான். அது மூடித்தான் இருந்தது. பாதி வழியில் காஸெல் மேடு தாண்டும்வரை பன்றிகள் கம்பி இடுக்கு வழியாக அவனையே பார்த்துக்கொண்டு வந்தன.

அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. பிளம் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே வீப்கே போன் போட்டாள்.

"எங்கக்கா இருக்க?"

"உன் வீட்டு வாசல்லதான்," என்றாள் அக்கா அல்மூட். "நீங்க எங்க தொலைஞ்சீங்க?"

"உன் வீட்டு வாசல்ல."

வீப்கே கேக்கை வாசற்படியில் வைத்தாள்.

"வாராவாரம் வந்து நிக்கிறீங்களே, இந்த வாரம் நாங்க முந்திக்கலாம்னு பார்த்தோம்," என்றாள் அல்மூட். "நாங்களும் அதே கார்தான் வாங்கியிருக்கோம். நீங்க கிளம்புறதுக்குள்ள வந்துடலாம்னு விடியும்போதே புறப்பட்டோம். வைக்கோல் லாரி பின்னாலயே ஊர்ந்ததுல நேரமாயிடுச்சு. ஆனா கரண்டு மிச்சம்டி."

வீப்கே போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரெண்டு காரும் சேர்ந்து இன்னிக்கு பூமிக்கு எவ்வளவு மிச்சம் பண்ணிச்சு, ஹென்னிங்?"

அவன் காரைச் சார்ஜில் போடப் போய்விட்டான்.

மறுமாதம் அக்கா வீட்டுக்கு ரயிலில் போனார்கள். ஹனோவரில் வண்டி காரணம் சொல்லாமல் நின்றது. ஹென்னிங் பக்கத்து இருக்கைக்காரரிடம், ரயில் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று விளக்க ஆரம்பித்தான். வீப்கே எழுந்து காபி வாங்கப் போனாள்.