ஏழாம் கேள்விக்கு எதிரே

1
இந்தக் கதை ஒரு கேள்விக்கொத்திலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் ஆகிலா, பாலமுனையில் ஆளாளாய்ப் பிடித்துக் குடி விசாரித்தாள். இலங்கையின் கிழக்கில், எங்கள் முஸ்லிம் கரையில், குடி என்ற வம்சப் பெயர் தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை; சம்பந்தம் பேச வந்தால் முதலில் கேட்பதே அதுதான்.

'கடற்காற்று மெல்ல வீச, ஆகிலா தன் வேர்களைத் தேடி...' என்று தொடங்கினேன்.

[வெட்டிவிட்டேன். நெல் ஆலைக் களத்தில் பகல் பதினொரு மணிக்கு ஒரு காற்றும் மெல்ல வீசாது. உள்ளங்கால்தான் வேகும். நின்றவனுக்குத் தெரியும்.]

2
அந்தக் களத்தில் நெல் காயப்போடும் சுபைறா, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே குடியின் பெயரைச் சொன்னாள். அடுத்தது ஏழாம் கேள்வி.

"உம்மா பிறந்த ஊர், மாமி?"

"________."

[ஊரின் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன்.]

அது இந்துத் தமிழ் மீனவர் கிராமம். வாயை விட்ட பிறகுதான் சுபைறாவின் கால் நின்றது. கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்து வாப்பாவைக் கட்டியவள் உம்மா. அவளுக்கு இங்கே குடி இல்லை. சுபைறா இத்தனை காலமும் சொல்லிவந்தது வாப்பாவின் குடியை.

"அத எழுதிராத புள்ள. மகள் றிப்னாக்கு வாற மாசம் கலியாணம். மாப்புள ஊட்டார் குடி கேட்டுத்தான் ஓமெண்டவங்க."

"பேர் போடமாட்டன் மாமி."

"பேரப் போடாட்டி? ஆலையில நெல்லுக் காயப்போடுறவள், ஒரே மகள், வாற மாசம் கலியாணம் எண்டு போட்டாக் காணும். ஊர்ல மேயிற ஆடும் நேரா என்ட வாசலுக்கு வரும். இதான் கம்பஸ்ல படிக்கிற படிப்பா?"

3
ஆகிலாவை நல்லவளாக்கக் கை துடித்தது. ஆனால் அந்தப் பதில் அவளுக்கு வேண்டும். முப்பத்தெட்டு வீட்டில் கிடைக்காதது. ஆய்வில் ஒரு முழு அத்தியாயம்.

முடிவு ஒன்று: வரியை அழித்தாள். [இனிப்பு கூடிப்போச்சு.]

முடிவு இரண்டு: எழுதினாள். ஆய்வேட்டை மாப்பிள்ளை வீட்டார் படிக்கமாட்டார்கள்; படித்த ஒருத்தன் தேநீர்க்கடையில் கதைப்பான். கலியாணம்...

இப்போதைக்கு நடந்தது இவ்வளவுதான்: படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

4
ஆகிலாவைத் தடுமாற விட்டுவிட்டு, எல்லாவற்றையும் எழுதியவன் நான். பெயர்களை மாற்றினேன். ஊரும் பாலமுனை இல்லை. ஆனாலும் நீங்கள் இந்தக் கரை ஆளென்றால், இதற்குள் மனதால் இரண்டு மூன்று வாசலைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். நான் வெறுமையாய் விட்ட அந்தக் கோட்டின் மேல் ஓர் ஊரையும் வைத்திருப்பீர்கள்.

கலியாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். முடிவை நான் எழுதவில்லை. தேநீர்க்கடைக்குப் போகிறவர் நீங்கள்.