செருப்புப் பெட்டி வகுப்பு

என் மகளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். வீட்டில் வாயாடி, பள்ளியில் ஊமச்சி. முதல் பெயர் நான் வைத்தது. இரண்டாவது, அவளோடு இரண்டாம் வகுப்பில் படித்த பிள்ளைகள் வைத்தது. ஒரு பெயரைத் தெரிந்தவர்களிடம் இன்னொன்றைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் செருப்புக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வாய்தான் என் பிழைப்பு. ஹவாய் செருப்பு கேட்டு வந்தவரை ஷூவும் சாக்ஸும் வாங்க வைத்துத்தான் அனுப்புவேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், பேசினால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். பெண் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் பூரித்துப்போயிருந்தேன், அவளைப் பள்ளியில் சேர்க்கும் வரைக்கும்.

பள்ளி வாசல் வரை என் காது புண்ணாகும்படி பேசிக்கொண்டு வருவாள். கேட்டைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். முதல் வருஷம் கூச்சம் என்றார்கள். இரண்டாவது வருஷம் பிடிவாதம் என்றார்கள். டாக்டர் மட்டும் அது பிடிவாதம் இல்லை, பயம் என்றார். பேச மாட்டேன் என்பதில்லையாம், பேச முடியவில்லையாம், வார்த்தை தொண்டை வரை வந்து நின்றுவிடுமாம். அவசரப்படுத்தாதீர்கள், தானாக வரும், காத்திருங்கள் என்றார். சொல்வது சுலபம். அவருடைய பிள்ளை கணீரென்று பேசுகிறதாம், நர்ஸிடம் விசாரித்துவிட்டேன்.

இந்த வருஷத்து டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசு, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. இவள் பாத்ரூம் போகக் கேட்க முடியாமல் உடையையே நனைத்துக்கொண்ட அன்று, ஒரு சிவப்பு அட்டையை வெட்டி இவள் மேஜையில் வைத்தார். போக வேண்டுமென்றால் அட்டையைத் திருப்பி வைத்தால் போதும். மற்றதெல்லாம் தலையாட்டலும் விரல் காட்டலும்தான். பக்கத்தில் உட்காரும் பல்லழகி என்கிற பெண் (முன்பல் இரண்டும் விழுந்தவள்) இவளுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

அந்த வகுப்பில் நடப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எப்படி என்கிறீர்களா? கடையில் மிஞ்சுகிற காலிப் பெட்டிகளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவற்றில் கண், மூக்கு, வாய் வரைந்து, கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, தினமும் சாயங்காலம் என் மகள் பள்ளி நடத்துவாள். அவள்தான் டீச்சர். திங்கட்கிழமை நக சோதனை. செவ்வாய்க்கிழமை சொல்வதை எழுதுதல். புதன்கிழமை மனக்கணக்கு, விடையை விரலால் காட்ட வேண்டும். வியாழக்கிழமை நூலகத்துக்கு வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்புவது; படிப்பதைவிட வரிசைக்குத்தான் அதிக நேரம் போகும். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராக முன்னால் வந்து எதையாவது பற்றிப் பேச வேண்டும்.

"எனக்கு ரெண்டே காதுதான்பா இருக்கு, ஒவ்வொருத்தரா பேசுங்க" என்று பெட்டிகளை அதட்டுவாள். "தமிழ்ப் புத்தகம் எங்க? வீட்ல தூங்குதா? எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கலாமே!" டீச்சரை உரித்துவைத்திருப்பாள். நடுவில் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமுவதைக்கூட விட மாட்டாள். நான் அடுப்படியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பேன். எட்டிப் பார்த்தால், "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய நில்லுங்க" என்று விரட்டிவிடுவாள்.

ஒருநாள் வருகைப் பதிவு நடந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு குரலில் இவளே "உள்ளேன் மிஸ்" சொல்லிக்கொண்டு வந்தாள். தன் பெயரையும் கூப்பிட்டாள். ஒரு பெட்டி இவளுக்கும் உண்டு, அதற்கு மட்டும் வாய் வரையவில்லை. அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பல்லழகியின் குரலில், "வந்திருக்கா மிஸ், போட்டுக்கோங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சை நெருங்கியபோது பெரிய டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகள் தலைமை ஆசிரியையை அப்படித்தான் சொல்வார்கள். சுத்தமான அறை, சுத்தமான மேஜை, அம்மாவின் குரல் போன்ற கனிவான குரல். அந்தக் கனிவுதான் எனக்கு நல்லதாகப் படவில்லை.

"எழுத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா வாய்விட்டு வாசிக்கிறதுக்கு மார்க் இருக்கு. அது இல்லாம மூணாங்கிளாஸுக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லம்மா. இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னே ஊர் அந்தக் கோடில ஒரு ஸ்கூல் இருக்கு. நீங்க ஒரு தடவை போய்ப் பாக்கலாமே?"

"மேடம், இவ வீட்ல நல்லா வாசிப்பா. இவ வாயை மூட வைக்க நாங்க படற பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

பெரிய டீச்சர் சிரித்தார். "எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என் பெண் பேசுவாள் என்று நான் சொல்வது பொய்யாம்! என் வீட்டுக்காரர் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் உள்ள பிள்ளைதான், அது இவர்கள் காதில் விழவில்லை என்றால் நான் என்ன செய்வது?

என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போதே தோன்றிவிட்டது. மறுநாள் சாயங்காலம் அவள் கை கால் கழுவப் போன நேரத்தில், என் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, கடைசி வரிசையில் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினேன். வகுப்பு நடந்தது. அன்றைக்கு அவள் பாடப் புத்தகத்திலிருந்து ஆமைப் பாடம் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். இடையில் தண்ணீர், செருமல், "எனக்கு ரெண்டே காதுதான்பா" எல்லாம் இருந்தது. குரல் மணி மாதிரி பதிவாகியிருந்தது.

பெரிய டீச்சர் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு நல்லா வாசிக்கிறாளே!" என்றார். ஏட்டில் மார்க் ஏறியது. வேறு பள்ளி என்கிற பேச்சே இல்லாமல் போயிற்று. நான் அந்த அறையிலிருந்து படியிறங்கியபோது என் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கல்யாணத்துக்குச் செருப்பு எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்கு நடுவே நான் குந்தியிருந்தபோது, டீச்சர் போன் செய்தார்.

"அம்மா, நீங்க எனக்கு அனுப்பிவச்ச அந்த ரெக்கார்டிங்கை இன்னைக்குக் கிளாஸ்ல போட்டுக் காட்டட்டுமா? இவ எப்படி வாசிக்கிறான்னு பசங்களுக்குத் தெரிஞ்சா, இனிமே யாரும் ஊமச்சின்னு கூப்பிட மாட்டாங்க."

"தாராளமா போடுங்க மிஸ்! நல்லா சத்தமா போடுங்க!" என்றேன். கல்யாணக் குடும்பமே திரும்பிப் பார்த்தது. பெருமையில் அவர்களுக்கும் மகளின் பிரதாபத்தைப் பாடிவிட்டுத்தான் அளவு எடுத்தேன்.

சாயங்காலம் கேட்டில் டீச்சர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. என் மகள் அவர் பின்னால் புத்தகப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"பசங்க ரொம்ப ரசிச்சாங்கம்மா. கை தட்டினாங்க. அந்த ரெண்டு காது வந்ததும் ஒரே சிரிப்பு. என்னை மாதிரியே இருந்ததா, நானும் சிரிச்சுட்டேன்." அவர் குரல் தடுமாறியது. "எல்லாரும் இவளைச் சுத்திக்கிட்டு, இப்ப சொல்லு, இப்ப சொல்லுன்னாங்க. நான் விலக்கறதுக்குள்ள இவ சிவப்பு அட்டையைத் திருப்பி வச்சுட்டுப் போயிட்டா. அப்புறம் பாத்ரூமை விட்டு வெளிய வரவேயில்ல. நாங்க யார் கூப்பிட்டும் திறக்கல. பெல் அடிச்சப்புறம்தான் வந்தா."

பல்லழகி ஓடிவந்தாள். "ஆன்ட்டி, இவ எங்ககிட்ட மட்டும் பேசாம, வீட்ல இவ்வளவு பேசுவாளா?" கோபமில்லை அதில், மனத்தாங்கல்தான்.

வழியில் நான் பேசினேன். அவள் பேசவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வைத்துவிட்டு நேராகப் பெட்டிகளிடம் போனாள். ஒவ்வொன்றையும் எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி வைத்தாள். ஒன்றையும் விடவில்லை. கடைசிப் பெட்டியையும் பார்த்து முடித்தபின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு குழந்தை தன் தாயை அப்படிப் பார்க்கக் கூடாது. திருடியைப் பிடித்துவிட்டவர்கள் பார்க்கிற பார்வை அது.

அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல என்பார்கள். அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பசிக்கிறதா என்றால் தலையாட்டுவாள். வேண்டாமென்றால் கையால் மறிப்பாள். முகம் கோணவில்லை, அழவில்லை, சாப்பிடாமல் இல்லை. பள்ளியில் எப்படி இருப்பாளோ அப்படி வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த அந்த வகுப்பும் அன்றோடு போயிற்று. திங்கட்கிழமை யாருக்கு நகம் வளர்ந்திருந்தது, புதன்கிழமை யார் விரலை மாற்றிக் காட்டினார்கள், ஒன்றும் தெரியாது. பிள்ளை பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள்.

மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா தப்புப் பண்ணிட்டேன்டி, என்னைத் திட்டு, அடி, ஏதாவது சொல்லுடி" என்று அழுதேன். என் கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு, என் பக்கத்தில் கிடந்த போனை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். அதிலிருந்ததை அவள் கண்ணெதிரே அழித்தேன். போனை வீட்டுக்குள் கொண்டுவராமல் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு ஏறினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், தலையாட்டினாள்.

பாவம் என் வீட்டுக்காரர், பேசவே தெரியாதவர், மகளுக்காகப் பேசக் கற்றுக்கொண்டார். சாப்பிடும்போது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட குண்டு வக்கீல் கதை சொன்னார். வக்கீல் உள்ளேயிருந்து கேஸ் போடுவேன் என்று கத்தினாராம், கதவு திறந்ததும் காபி வாங்கிக் கொடுத்தாராம். ஒரு கதையை முடிக்க அவருக்கு வேர்த்துவிடும். அவள் சிரித்தாள், சத்தம் வராமல். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டே நின்றார்.

டீச்சர் வீட்டுக்கே வந்தார். அவளுக்குப் பிடிக்குமே என்று ஆமைப் பொம்மை ஒன்றை வாங்கிவந்து கொடுத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுதார். அவரைத் தேற்றுவதும் என் வேலையாயிற்று. யாரைத் திட்டுவது? கை தட்டிய பிள்ளைகளையா? மார்க் போட்ட பெரிய டீச்சரையா? எல்லாரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். டாக்டரிடம் போனோம். காத்திருங்கள் என்றார், முன்பு சொன்ன அதே குரலில். இந்தத் தடவை நர்ஸிடம் எதையும் விசாரிக்கிற தெம்பு எனக்கில்லை.

அவள் மூன்றாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றாள். வாசிப்பில் நல்ல மார்க்.

நேற்றுச் சாயங்காலம் கடையில் கூட்டமில்லை என்று சீக்கிரம் வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது, குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயை மூடாமல் விட்டுவிட்டாளோ என்று கதவருகே போனேன்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல். மெதுவாக, விட்டு விட்டு. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு வார்த்தை, என்ன சொல்கிறாள் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று கதவில் காதை வைக்கப் போனேன். என் கால் தரையில் உரசியது. உள்ளே குரல் நின்றது. குழாயும் நின்றது.

நான் மூச்சு விடவில்லை. அவளும் உள்ளே அப்படித்தான் நின்றிருப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

பிறகு வேண்டுமென்றே தடதடவென்று நடந்து கூடத்துக்குப் போனேன். "ஏங்க, அந்த டிவியைப் போடுங்க!" என்று கத்தினேன். அவர் ஈரத் துணியோடு வந்து விழித்தார்.

"நீதான் டிவி பாக்க மாட்டியே?"

"போடுங்கன்னா போடுங்க. சத்தமா வைங்க."

வைத்தார். போதாது என்று ரிமோட்டை வாங்கி இன்னும் ஏற்றினேன். மேல்வீட்டில் தரையைத் தட்டினார்கள். தட்டட்டும். அவர் என் முகத்தையும் பாத்ரூம் கதவையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

யாரும் கேட்கவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் பேசுவாள். அலறுகிற டிவிக்கு முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாளா இல்லையா என்று எங்களுக்குக் கேட்கவில்லை.