மூன்று பேருக்கான பயணப் பத்திரம்

புதிதாக வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் மதியத்துக்குள் வந்துவிடும் என்று அகதி முகாம் காலையிலிருந்தே அல்லோலகல்லோலப்பட்டது. பழைய பஞ்சுக் கிடங்கு அது. ஒட்டுப்பலகையால் அறை அறையாகத் தடுத்து, கதவுக்குப் பதில் சாக்குத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். தையல்காரி மெத்தை உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பதினேழாம் அறையின் பலகையில், ஆறு பேர் கொண்ட புதுக் குடும்பத்துக்கு என்று எழுத்தர் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்.

அவள் புறப்பட வேண்டியவள். நான்கு வருடமாகக் காத்திருந்த பயணப் பத்திரம் வந்துவிட்டது. குடும்பத் தலைவர், மனைவி, மகள் என மூவருக்கும் சேர்த்து ஒரே பத்திரம். மூவரும் நேரில் நின்று முத்திரை வாங்கினால், திரும்பிப் போகும் பஸ்ஸிலேயே ஏறிவிடலாம்.

ஆனால் குடும்பத் தலைவர் செத்து ஏழு மாதமாகிறது. வெளியூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்தது, அங்கேயே புதைத்துவிட்டார்கள். முகாமில் யாரும் சாவைப் பதிவதில்லை. ஆள் குறைந்தால் அறையைப் பிடுங்கிக்கொண்டு பொதுக்கூடத்தில் தள்ளிவிடுவார்கள். அதனால் பதிவேட்டில் அவர் இன்னும் வெளியூர் வேலையில்தான் இருந்தார்.

அடுத்த அறை அக்கா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடி சொன்னாள்: “என் தம்பியைக் கூட்டிட்டுப் போ. மீசையை எடுத்துட்டா உன் வீட்டுக்காரர் சாயல்தான். அந்தப் பக்கம் போனதும் அவன் வழியை அவன் பார்த்துக்குவான்.”

“அவர் சம்மதிப்பாராக்கா?”

“மீசைக்குத்தான் அழுதான். மத்ததுக்கெல்லாம் எப்பவோ தயார்.”

“பாப்பா?”

“விளையாட்டுன்னு சொல்லிக் குடு.”

பதிவு மேசையில் எழுத்தர் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ரொம்ப மெலிஞ்சுட்டீங்களே.”

“வேலை அப்படிங்க” என்றான் தம்பி.

எழுத்தர் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே சிறுமியிடம் குனிந்தார். “அப்பா வந்தாச்சு, இனி ஜாலிதான், இல்லையா?”

சிறுமி தம்பியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நாம போயிட்டா, அப்பா வேலை முடிஞ்சு வந்து தேடுவாரேம்மா?”

குழந்தை உளறிவிடும் என்று பயந்து அவளிடமும் யாரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

முத்திரை பத்திரத்துக்கு மேலே அப்படியே நின்றது. “குழந்தை ஏதோ சொல்லுது. நீங்க சொல்லுங்கம்மா. இவர் யாரு?”

‘வீட்டுக்காரர்’ என்ற ஒரே வார்த்தை போதும். சொன்னால் பஸ். அதற்கப்புறம் எந்த ஊரில் எந்தக் கதவு தட்டப்பட்டாலும் மகள் ஓடிப்போய்த் திறந்து பார்ப்பாள்.

“அவர் இறந்துட்டாருங்க” என்றாள் தையல்காரி. “ஏழு மாசமாச்சு.” சொன்னது எழுத்தரிடம், பார்த்தது மகளை.

தம்பி ஓசைப்படாமல் நழுவிவிட்டான். எழுத்தர் முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு பத்திரத்தின் குறுக்கே கோடு இழுத்தார். “இது இனி செல்லாதும்மா. மறுபடி முதல்லேர்ந்துதான் எழுதணும். அறையை இப்பவே காலி பண்ணிடுங்க.”

பஸ்கள் வந்து நின்றன. மூட்டைகளோடு இறங்கியவர்களின் வரிசையின் கடைசியில் அம்மாவும் மகளும் போய் நின்றார்கள். சிறுமி அழவில்லை.

“அப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வரிசை ஓர் அடி நகர்ந்தது.