அடுத்த வருஷத்து மருந்தடிப்பு

ஜனவரியில் அந்தப் பட்டியலைப் போட்டவள் ஷாரோன்தான். போடியில் இருக்கிற ஏலக்காய்த் தோட்ட ஆபீசில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. "இருபது நாளுக்கு ஒருக்கா மருந்தடிப்பு. வருஷம் பூராவுக்கும் ஒரு திட்டம் போட்டு வையிம்மா" என்றார் மேனேஜர் சுந்தரராஜ். முதல் கட்டத்தில் ஜனவரி 5, அடுத்ததில் 25 என்று அடித்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மூலையில் இருக்கும் குட்டிப் புள்ளியைக் கீழே இழுத்தாள். டிசம்பர் வரைக்கும் தேதிகள் தாமாகவே வந்து உட்கார்ந்தன. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இப்போது செப்டம்பர் 18. போடிமெட்டுச் சரிவில் காயெடுக்கப் போன அன்னக்கொடி செடிகளுக்குள்ளேயே வாந்தியெடுத்து மயங்கி விழுந்து, ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். முந்தின நாள் அடித்த மருந்தின் ஈரம்கூடக் காயவில்லை என்று கூடப்போன பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லை யார் கேட்டார்கள்? தோட்டத்தின் கையில்தான் பட்டியல் இருக்கிறதே. கடைசி மருந்தடிப்பு செப்டம்பர் 2, காயெடுப்பு 13; நடுவில் பதினோரு நாள் இடைவெளி. தலைப்பில் 'திட்டம்' போய் 'பதிவேடு' வந்திருந்தது. மிச்ச மாதங்களை அழித்துவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் 'அடித்தாயிற்று' என்று சேர்த்திருந்தார் சுந்தரராஜ். ஷாரோனின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"விசாரணைக்கு ஆபீசரம்மா வந்துட்டாங்க. வெரசா போடு."

"இது நடந்த தேதி இல்ல சார். நான் இழுத்துவிட்ட தேதி."

"வேலையில இருக்கணும்னா வாயத் தொறக்காத."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகம். தான் விளையாட்டாக இழுத்துவிட்ட தேதியை வைத்து, சாகக்கிடக்கிற ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறார்களே!

தொழிலாளர் துறை அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் பின்னால் அன்னக்கொடியின் புருஷன் முத்துப்பாண்டி வாசலோடு நின்றுகொண்டார். சுந்தரராஜ் பேனாவை நீட்டினார். ஷாரோன் அதைத் தொடாமல், திரையை அதிகாரி பக்கம் திருப்பினாள்.

"மேடம், ஆகஸ்ட் 13 பாருங்க. அன்னைக்கு மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ரெண்டு நாளைக்கு ஒரு ஜீப்பும் மேல ஏறல. மருந்தடிக்கிறவங்க பறந்தா போனாங்க?"

"ஒரு தேதி தப்பா விழுந்திருக்கும் மேடம்" என்று சிரித்தார் சுந்தரராஜ்.

"ஒரு தேதியா?"

கடைசி இரண்டு வரிகளையும் சேர்த்துப் பிடித்து, மூலைப் புள்ளியை இழுத்தாள். செப்டம்பர் 22, அக்டோபர் 12 என்று இறங்கிய பட்டியல் டிசம்பரைத் தாண்டியும் ஓடியது. ஒவ்வொரு தேதியோடும் 'அடித்தாயிற்று' என்பதும் சேர்ந்தே இறங்கியது.

"அடுத்த வருஷம் பிப்ரவரி ஒம்பதாந்தேதி வரைக்கும் மருந்தடிச்சாச்சு மேடம். இதுலதான் என்னையக் கையெழுத்துப் போடச் சொல்றாரு."

சுந்தரராஜின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையை மறுபடி பார்த்தார்.

"இதைப் போட்டது யாரும்மா?"

"நான்தான். மொத ரெண்டு தேதி நான் அடிச்சது, மத்ததெல்லாம் மெசினு நெரப்புனது. நெசமா மருந்து லோடு ஜீப்புல ஏறுனது இந்த மாசம் பன்னெண்டாந்தேதி. இந்த ஜன்னல் வழியா நானே பாத்தேன். அத எழுதித் தர்றேன்."

வெள்ளைத்தாள் எடுத்துக் கையாலேயே எழுதினாள். அடியில் முழுப்பெயரையும் போட்டாள்.

"நாளையிலருந்து நீ இங்க வரவேணாம்" என்று பல்லைக் கடித்தார் சுந்தரராஜ்.

"வரமாட்டேன் சார். நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில சோலி இருக்கு" என்றவள், வாசலைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, அக்கா எந்த வார்டு?"