ஆள்காட்டி விரல்

முகத்தில் ஆசிட் போடப்போகிறேன் என்றால், முதல்முறை வருகிறவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். "பேட்டரி ஆசிட் இல்லீங்க, பயப்படாதீங்க. செத்த தோலை மட்டும்தான் கழட்டும்" என்று பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறேன். சொல்லிவிட்டு வெறும் விரலால்தான் பூசுவேன். பார்லர் மேடம் கிளவுஸ் டப்பாவை என் மூக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். கிளவுஸ் போட்டால் எந்த இடம் சூடாகிறது, எப்போது கழுவிவிட வேண்டும் என்று விரலுக்குத் தெரியாது என்பேன். என் விரல் மேல் எனக்கு அவ்வளவு திமிர்.

வீட்டுக்காரர் என்னை 'ஆசிட் மகாராணி' என்றுதான் கூப்பிடுவார். அவர் புது போன் வாங்கிய அன்று என் வலதுகை ஆள்காட்டி விரலைப் பிடித்து அதில் பதிய வைத்தார்.

"பூட்டுத் திறக்கிற நம்பரைச் சொன்னா எழுதி வெச்சுக்க மாட்டேனா?"

"வீட்டுச் சாவியையே மூணு தடவை தொலைச்சவ நீ. விரலைத் தொலைக்க மாட்டேல்ல? அது போதும்."

பிறகு அவர் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்தால் குரல் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் லீவு போட்டு உட்கார வேண்டுமே என்று, அதற்கு முந்தின மூன்று வாரமும் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தேன். நாளுக்குப் பத்து முகம். விரல் நுனி உரிந்து வழவழவென்று ஆகியிருந்தது. கவனிக்க எங்கே நேரம்?

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். போனை வாயருகே வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"யார்கிட்டப் பேசறீங்க?"

"உன்கிட்டத்தான். பேசிப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். என் குரல் போயிடுச்சுன்னா கேளு. இப்பக் கேட்டா அழுவே."

குரல் மட்டும் போகவில்லை, ஆளே போய்விட்டார்.

மறுநாள் நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் போனில் விரலை வைத்தேன். பொருந்தவில்லை என்றது. துடைத்துவிட்டு வைத்தேன்.

"அழுத்தாம வைங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

ஐந்தாவது முறைக்குப் பிறகு அது விரலைக் கேட்கவில்லை, நம்பரைக் கேட்டது. கல்யாண நாள், என் பிறந்த நாள், அவருடைய முதல் வண்டி எண் எல்லாவற்றையும் போட்டோம். ஒன்றும் இல்லை.

போன் ரிப்பேர்க்காரர் என் விரலை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"ரேகையே இல்லையே அக்கா. என்ன வேலை பாக்கறீங்க?"

"தோல் உரிக்கிற வேலை."

ஊரார் முகத்துக்கெல்லாம் நேரம் பார்த்துக் கழுவிவிட்டவள், என் கையைக் கழுவத் தெரியாமல் நின்றேன்.

"ரேகை திரும்ப வளர்ந்துட்டா திறக்குமா?"

"இனிமே நம்பர் போட்டாத்தான் அக்கா. வேற வழியில திறந்தா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுடும்."

இப்போது கிளவுஸ் போட்டுத்தான் பூசுகிறேன். "அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே" என்று மேடம் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார். ஆறு வாரம் கழித்து, வாடிக்கையாளரின் பருவைப் பார்க்கிற பூதக்கண்ணாடியில் என் விரலைப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் வந்திருந்தன.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் எண்ணுக்கு என் போனிலிருந்து கூப்பிட்டேன். பூட்டிய போனாக இருந்தாலும் வருகிற அழைப்பை எடுக்கலாம். நானே எடுத்து ஒரு காதில் அவர் போனையும், வாயருகே என்னுடையதையும் வைத்துக்கொண்டேன்.

"விரல் வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் போனில் என் குரல் கேட்டது.