ரவுண்டானாவில் நிற்பவள்

பூங்காவனம் தாய் தங்கத்தின் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில், கூடை உட்கார்ந்த இடத்தில், முடி தேய்ந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு வழுக்கை. முப்பது வருஷம் ஊரூர் குப்பத்திலிருந்து மந்தைவெளி வரைக்கும் மீன் சுமந்த தலை. காலையில் கூடையைத் தூக்கப் போன தங்கம், மார்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. ரோஜா மாலையோடு சிற்பி கலீமுல்லா வந்திருந்தார். அடையாறு ரவுண்டானா நீரூற்றில் நிற்கும் மீன்காரி அவர் செய்த சிலை. இடுப்பில் ஒரு கை, நிமிர்ந்த முகம், தலைக்கூடையிலிருந்து வழியும் தண்ணீர். பார்த்தவுடனே தங்கம் என்று தெரியும்.

எழுபத்தொன்றில் சிலை திறந்த நாளிலிருந்து குப்பத்தில் ஒரே பேச்சு: தங்கம் அந்த ஆளின் பட்டறையில் நாள்கணக்காகப் போய் நின்றாள் என்று. "நான் போவல" என்று புருஷன் தேசப்பனிடம் ஒரு தடவை சொன்னாள். அவர் நம்பவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை. மூன்று வருஷமாக அவர் ரவுண்டானா பக்கமே போவதில்லை.

மாலையை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பியவரைத் தேசப்பன் மறித்தார்.

"எத்தினி நாளு வந்து நின்னா உன் பட்டறைல?"

உள்ளே பூங்காவனத்தின் கை நின்றுவிட்டது.

"ஒரு நாள்கூட வரலீங்க. கூப்பிட்டேன். 'எனக்கு வேல கீது, வேணும்னா பின்னால வந்து பாத்துக்க'ன்னாங்க. ஒரு மாசம் நோட்டும் கையுமா பின்னாலயே நடந்தேன். ஒரு மழை நாளு, கூடையோட ஏறக்கூடாதுன்னுட்டாரு கண்டக்டர். இவங்க போய் பஸ்ஸுக்கு முன்னால நின்னுட்டாங்க. ஏத்திக்கினுதான் பஸ் நகர்ந்துச்சு."

ரவுண்டானா இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தக் கரையோட குணத்தக் காட்டற மாதிரி சிலை வேணும்னு கார்ப்பரேஷன்ல கேட்டிருந்தாங்க. சங்கு, தாமரைன்னு வரைஞ்சு வெச்சிருந்தேன். அன்னிக்கே கிழிச்சிப் போட்டேன்."

தேசப்பன் பாடை கட்டும் இடத்துக்குப் போய்க் கயிற்றை வாங்கித் தானே கட்ட ஆரம்பித்தார்.

அடக்கம் முடிந்து ஆண்களெல்லாம் திரும்பினார்கள். தேசப்பனை மட்டும் காணோம். வெயில் தாழ்ந்ததும் பூங்காவனம் தேடிக் கிளம்பினாள். கரையில் இல்லை, சாராயக் கடையிலும் இல்லை. ரவுண்டானாவுக்கு நடந்தாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரூற்றுத் தொட்டிக்குள் நின்றிருந்தார். போலீஸ்காரர் ஒருவர் தடியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா, குளிக்கற எடமா இது?"

"எங்கம்மா சார் அது" என்றாள் பூங்காவனம். "காலைல பூட்டாங்க."

அவர் சிலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வண்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேசப்பன் நுனிக்காலில் எம்பி, சிலையின் கன்னத்தில் காய்ந்திருந்த காக்கை எச்சத்தை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நெத்தி எட்டலம்மா" என்றார், திரும்பாமல்.

பூங்காவனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அவர் கால் வைத்து ஏற, இரண்டு கைகளையும் கோத்துக் குனிந்து கொடுத்தாள்.